பூனை மேசை: தரம் 7 அரங்கியல் வகுப்பில் ஒரு தவணை

ஆசிரியப் பயிற்சிக்காகப் பாடசாலையில் கற்பிக்கும் காலமான கட்டுறுப் பயில்வின் முதல் வாரத்தில் நான் கரும்பலகையில் எழுதிய தலைப்பு ‘அரங்க விளையாட்டுக்களின் நோக்கங்கள்’. அதன் கீழ் ஐந்து விடயங்களை இலக்கமிட்டு எழுதினேன்: கூச்சம் நீங்குதல், கூட்டாக இயங்குதல், கவனம் குவிதல், கற்பனை வளர்தல், உடல் தளர்தல். 34 பிள்ளைகளும் குனிந்து கொப்பியில் எழுதினார்கள். ஒருத்தி அடிமட்டம் வைத்துச் சிவப்புப் பேனையால் ஓரக்கோடு போட்டாள். 40 நிமிடப் பாடவேளை முடியும்வரை எவரும் கதிரையை விட்டு எழும்பவில்லை. இடைவேளை மணி அடித்ததும் அதே பிள்ளைகள் வேப்பமரத்தடிக்கு ஓடித் தாச்சி (கிளித்தட்டு) மறித்தார்கள். ஓய்வறை யன்னலால் அதைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு முகம் சுட்டது. நான் கற்பித்ததாக நினைத்த ஐந்தும் அந்த மரத்தடியில் நடந்துகொண்டிருந்தன. என் வகுப்பில் ஒன்றுகூட நடக்கவில்லை.

இனி வருவது அந்தத் தவணையின் 11 வாரங்களைப் பற்றிய பதிவு. பிள்ளைகளின் பெயர்களை எழுதவில்லை. பாடசாலையின் பெயரும் தேவையில்லை. யாழ்ப்பாணத்தின் வடமராட்சிக் கரையோரத்தில், காற்றடித்தால் வகுப்புக்குள் மணல் வந்து படியும் ஒரு பாடசாலை என்பது போதும்.

பின்னணி

இலங்கையின் தமிழ்மொழிப் பாடசாலைகளில் ‘நாடகமும் அரங்கியலும்’ ஓர் அழகியற் பாடம். சித்திரம், சங்கீதம், நடனம் ஆகியவற்றைப்போலத் தரம் 6 இலிருந்து தெரிவு செய்து படிக்கலாம். கல்விப் பொதுத் தராதரப் பத்திர (க.பொ.த.) சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் அது பரீட்சைப் பாடம். பரீட்சை என்று வந்தால் வினாத்தாள் வரும். வினாத்தாள் வந்தால் குறிப்பு வரும். நாடகத்தைக் குறிப்பாக எழுதவைக்கும் பழக்கம் இப்படித்தான் ஆசிரியர்களிடம் வந்து சேர்கிறது. கல்வியியற் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் படித்துவிட்டு மூன்றாம் ஆண்டைப் பாடசாலையில் கழிக்க வந்த நானும், கையில் பாடக்குறிப்புக் கொப்பியோடுதான் வந்தேன். தேர்ச்சி, தேர்ச்சி மட்டம், கற்றற்பேறு எல்லாம் அதில் ஒழுங்காக இருந்தன.

எங்களுக்கு இது புதிய விடயமும் அல்ல. 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய குழந்தை ம. சண்முகலிங்கமும் அவரோடு நின்றவர்களும் களப்பயிற்சியில் விளையாட்டுக்கு உரிய இடத்தைக் கொடுத்தவர்கள். சிறுவர் நாடகங்களைப் பாடசாலைக்குள் கொண்டுபோனவர்கள். அவர்கள் உடலால் கண்டறிந்த ஒன்று, பாடத்திட்டத்தின் வழியாக என்னிடம் ஒரு தலைப்பாக வந்தது. அதை மறுபடி உடலாக்கும் வேலை எனக்குரியது என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.

வகுப்பறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீண்ட கட்டடம் ஒன்றை இடுப்பளவு அரைச்சுவர்களால் பிரித்து நான்கு வகுப்புகளாக்கியிருந்தார்கள். சீமெந்து நிலம். இரும்புக் கால் மேசைகள்; கால்களில் இருந்த இறப்பர் மூடிகள் கழன்றுபோய் வெகுகாலம். ஒரு மேசை அசைந்தாலே நான்கு வகுப்புக்கும் கேட்கும். எங்களுக்கு அடுத்தது தரம் 8. என் பாடவேளையில் அங்கே எப்போதும் கணிதம் நடக்கும். கணித ஆசிரியை பல ஆண்டு அனுபவமுள்ளவர். குரலை உயர்த்தாமல் கற்பிப்பவர்.

விரும்பியபடி விளையாடுங்கள் என்ற நாள்

இரண்டாம் வாரத்தில் கொப்பிகளை மூடச் சொன்னேன். மேசைகளைச் சுவரோரம் தள்ளினோம். கைதட்டும்போது நடக்க வேண்டும், நிறுத்தினால் சிலையாக வேண்டும். மற்றும்படி எப்படி வேண்டுமானாலும் நடக்கலாம், விரும்பியபடி விளையாடலாம் என்றேன். பிள்ளைகளுக்கு விடுதலை கொடுக்கிறேன் என்ற நிறைவு எனக்கு இருந்தது.

ஆறு நிமிடம்கூட நிற்கவில்லை. இரண்டு பொடியன்கள் இடித்துக்கொண்டு அடிபிடிக்குப் போனார்கள். ஒருத்தியின் பை மிதிபட்டுச் சாப்பாட்டுப் பெட்டி நசுங்கியது. பத்துப் பேரளவில் ஒரு மூலையில் ஒதுங்கி நின்று, என்ன செய்வது என்று தெரியாமல் சிரித்தார்கள். கணித ஆசிரியை அரைச்சுவருக்கு மேலால் ஒருமுறை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நான் எல்லோரையும் இருக்கச் சொல்லிவிட்டு, மிச்ச நேரத்துக்குக் குறிப்பு எழுதவைத்தேன். எழுதத் தொடங்கியபோது வகுப்பில் ஒரு நிம்மதி பரவியதை நான் கவனித்தேன். அதுதான் எனக்கு மிகவும் வலித்தது.

அடுத்த நாள் இடைவேளையில் தாச்சி மறிப்பதைக் கிட்ட நின்று பார்த்தேன். குதிக்காலால் மண்ணில் கோடு கீறுகிறார்கள். கோடு கோணல் என்று ஒருவர் சொன்னால் அழித்துவிட்டுத் திரும்பக் கீறுகிறார்கள். நடுக்கோட்டால் ஓடுபவர் எங்கே திரும்பலாம், ஒரு கால் வெளியே போனால் ஆட்டமிழப்பா இல்லையா என்று பேசித் தீர்க்கிறார்கள். 20 நிமிட இடைவேளையில் ஐந்து நிமிடம் இதற்கே போகிறது. அந்த ஐந்து நிமிடமும் அவர்களுக்கு விளையாட்டின் பகுதிதான். எங்கள் பக்கத்தில் ‘அளாப்புதல்’ என்று ஒரு சொல் இருக்கிறது. விளையாட்டில் நேர்மை தவறுவதை, ஆட்டமிழந்தும் இல்லையென்று சாதிப்பதை அப்படிச் சொல்வோம். தாச்சியில் தோற்றவனை அரைநாளில் மறந்துவிடுவார்கள். அளாப்பியவனை ஒரு தவணைக்கு மறக்கமாட்டார்கள். விதியை இவ்வளவு மதிக்கும் பிள்ளைகளிடம் விதியே இல்லாத ஒன்றைக் கொண்டுபோய், அதற்கு விளையாட்டு என்று பெயர் வைத்தவள் நான்.

மூன்றாம் வாரத்தில் செய்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாடத்தை ஒழுங்காகக் கேட்டால் கடைசிப் பத்து நிமிடம் விளையாட்டு என்றேன். பிள்ளைகள் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாடம் சகிக்க வேண்டிய ஒன்று என்று நானே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். இரண்டு வகுப்போடு அதை விட்டேன்.

பூனை மேசை

நான்காம் வாரம் திங்கட்கிழமை. அடுத்த வகுப்பில் கணிதப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. சத்தம் வரக்கூடாது என்று பகுதித் தலைவர் காலையிலேயே சொல்லியிருந்தார். வெளியே போக முடியாத வெயில். பிள்ளைகள் கொப்பியை எடுக்கத் தொடங்கினார்கள். சத்தம் போட முடியாது என்பதையே விதியாக்கினால் என்ன என்று அந்த நேரத்தில்தான் தோன்றியது.

கரும்பலகையில் எழுதினேன்: “இருவர் சேர்ந்து ஒரு மேசையை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குக் கொண்டுபோக வேண்டும். அடுத்த வகுப்புக்குக் கேட்கக்கூடாது. கதைக்கக்கூடாது. கேட்டால் திரும்பவும் தொடக்கத்திலிருந்து.” தூரம் 20 அடியளவு. வேகத்துக்குப் புள்ளி இல்லை. ஒரு தடவைக்கு மூன்று சோடிகள்.

சோடி சேரும்போது கடைசி வரிசையில் இருந்த ஒரு சிறுவன் எழும்பவில்லை. என்னவென்று கேட்டேன். “நான் பார்க்கிறேன் ரீச்சர்” என்றான். குரலில் முறுக்கு இல்லை. முகத்தில் பயமும் இல்லை. வற்புறுத்துவதா விடுவதா என்று யோசிக்க நேரமில்லாமல், “அப்படியென்றால் நீதான் நடுவர். கண்ணை மூடிக்கொண்டு இரு. சத்தம் கேட்டால் கையை உயர்த்து” என்றேன். அவன் அரைச்சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து கண்ணை மூடினான்.

34 பேரில் அவன் விலகியதும் 33 பேர். ஒருத்தி சோடியில்லாமல் நின்றாள். வேறு வழியில்லை, நான் அவளோடு சேர்ந்தேன். இந்தத் தவணையில் எல்லாவற்றையும் மாற்றியது இந்தக் கணக்குத்தான். நான் முன்கூட்டித் திட்டமிட்டதன்று. அதுவரை நான் விளையாட்டை நடத்துபவளாக இருந்தேன். இப்போது ஒரு மேசையின் ஒரு முனை என் கையில் இருந்தது. அது விழுந்தால் நானும் தோற்பேன்.

முதல் மூன்று சோடிகள் தூக்கினார்கள். முன்பெல்லாம் ஒரு மேசையை இழுத்து நகர்த்தும் அதே பிள்ளைகள், இப்போது தூக்கமுதல் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார்கள். தட்டு ஆடுகிறதா, எந்தக் கால் தளர்ந்திருக்கிறது என்று விரலால் தொட்டுப் பார்த்தார்கள். ஒருவன் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தான். அதைப் பார்த்து எல்லோரும் கழற்றினார்கள். மேசையை இறக்கும்போது ஒரு சோடி என்னென்று செய்வது என்று தெரியாமல் அரை நிமிடம் அந்தரத்தில் பிடித்துக்கொண்டு நின்றது. பிறகு ஒருத்தி தன் வெறுங்காலை மேசைக்காலின் அடியில் வைத்து, அதன்மேல் இறக்கி, மெல்ல உருவிக்கொண்டாள். அந்த உத்தி அடுத்த சோடிக்கு உடனே போய்ச் சேர்ந்தது. எவரும் வாய் திறக்கவில்லை.

எங்கள் முறை வந்தது. பாதி தூரம் நன்றாகப் போனோம். நான் பின்பக்கமாக நடந்தேன். சேலைக் கரை காலில் சிக்கியது. கைமாற்றிப் பிடிக்கும் அவசரத்தில் மேசைக்கால் நிலத்தில் உரசியது. மிகச் சிறிய ஓசைதான். நடுவர் கையை உயர்த்தினான். கண் இன்னும் மூடியே இருந்தது. வகுப்பு முழுவதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது, சத்தம் வராமல், தோள்கள் மட்டும் குலுங்க. நானும் என் சோடியும் தொடக்கச் சுவருக்குத் திரும்பிப் போனோம்.

மணி அடித்தபோது ஆறு மேசைகள் மிச்சம். நாளைக்கும் செய்வோமா என்று கேட்டார்கள். அரைச்சுவருக்கு மேலால் கணித ஆசிரியை எட்டிப் பார்த்தார். “இன்றைக்குப் பிள்ளைகள் வரவில்லையா என்று நினைத்தேன்” என்றார். பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய பரிசு தேவையிருக்கவில்லை. அடுத்த நாள் அந்த விளையாட்டுக்கு அவர்களே பெயர் வைத்தார்கள்: பூனை மேசை.

மேசை இல்லாத மேசை

அந்தத் தவணையில் நான் கற்பிக்க வேண்டிய அலகுகளில் ஒன்று ஊமம். பேச்சில்லாமல், பொருளில்லாமல், உடலால் மட்டும் காட்டுவது. ஊமத்தை நான் முதலில் கற்பித்தபோது பிள்ளைகள் காற்றில் கையை அலைத்தார்கள். வாளி தூக்கச் சொன்னால் வாளிக்குப் பாரமில்லை. கதவு திறக்கச் சொன்னால் திறந்த கதவுக்குள்ளேயே நடந்தார்கள். எல்லோரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள், சரியா என்று கேட்பதுபோல.

பூனை மேசை தொடங்கி ஒரு வாரத்தின் பின் ஒரு சோடியை முன்னால் அழைத்தேன். உண்மையான மேசையை ஒருமுறை தூக்கிச் சென்று வைக்கச் சொன்னேன். வைத்த கையோடு தொடக்க இடத்துக்கு வந்து, இல்லாத மேசையைத் தூக்கச் சொன்னேன். நடித்துக் காட்ட வேண்டாம், சத்தம் வராமல் கொண்டுபோனால் போதும் என்றேன். நடுவர் தன் இடத்தில் இருந்தான். இந்த முறை கண்ணைத் திறந்துகொண்டு.

அவர்கள் உடனே தூக்கவில்லை. முதலில் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருத்தி நாடியை ஒருமுறை அசைத்தாள். முழங்கால் மடிந்தது. விரல்கள் தட்டின் விளிம்புக்கு அடியில் போய் வளைந்தன. தூக்கியபோது இருவரின் கழுத்து நரம்பும் தெரிந்தது. பின்பக்கமாக நடந்தவள் இரண்டடிக்கு ஒருமுறை தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தாள். இருவரின் கைகளுக்கும் இடையிலான தூரம் கடைசிவரை மாறவேயில்லை. இறக்கும்போது அவள் வெறுங்காலை நீட்டி, அதன்மேல் மேசைக்காலை வைத்து, காலை உருவினாள். பிறகு தட்டின் அடியில் அகப்பட்ட விரல்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். கடைசி விரல் வந்தபோது பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளில் யாரோ மூச்சை விட்டது எனக்குக் கேட்டது. அந்த இடத்தில் மேசை இருந்தது. அதற்குப் பிறகு சிறிது நேரம் எவரும் அந்த இடத்தால் நடக்கவில்லை, சுற்றிப் போனார்கள்.

வியோலா ஸ்போலின் (1906–1994) அமெரிக்காவின் சிக்காகோ நகரில், குடியேறிய ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளோடு இயங்கிய சமூக நிலையமொன்றில் நீவா பொய்ட் என்பவரிடம் விளையாட்டுகளைக் கற்றவர். பிறகு நடிப்புப் பயிற்சியையே விளையாட்டுகளாக வகுத்தார். நடி என்று சொல்வதற்குப் பதிலாக, தீர்க்க வேண்டிய ஒரு சிக்கலைக் கொடுத்துக் கவனத்தை அதில் நிறுத்துவது அவருடைய முறை. கல்லூரியில் இதை நான் படித்துப் பரீட்சையும் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த விரல்களைப் பார்க்கும்வரை அது எனக்கு ஒரு வசனம் மட்டும்தான். கூச்சத்தைப் போக்க நான் ஒன்றும் செய்யவில்லை. பிள்ளையின் கவனம் மேசைக்காலில் இருந்தபோது, தன்னைப் பற்றி நினைக்க அதில் இடமில்லாமல் போய்விட்டது.

விளையாடும் பிள்ளை தன் வயதைத் தாண்டி, தன்னைவிடத் தலையளவு உயர்ந்து நிற்கிறது என்று ருஷ்ய உளவியலாளர் விகொட்ஸ்கி 1933இல் ஆற்றிய ஓர் உரையில் சொன்னார். குச்சி ஒன்று குதிரையாகும்போது, பிள்ளையின் கண்முன் இருக்கும் பொருளிலிருந்து அதன் அர்த்தம் பிரிந்துவிடுகிறது என்று விளக்கினார். எங்கள் வகுப்பில் குச்சிகூட இருக்கவில்லை.

ஸ்போலினிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட இன்னொன்று, ஆட்டத்தை நிறுத்தாமல் பக்கத்தில் நின்று சொல்லுவது. முன்பு பிழையைக் கண்டால் ஆட்டத்தை நிறுத்தி விளக்குவேன். விளக்கி முடிய ஆட்டம் செத்திருக்கும். இப்போது ஒற்றை வரியில் சொன்னேன்: “பாரம் இன்னும் குறையவில்லை.” “உன் சோடி எங்கே?” “நிலம் சூடு.” மூன்றாவதைச் சொன்னதும் பதினாறு பதினேழு பேர் ஒரே நேரத்தில் வெறுங்காலை விரைவாக எடுத்து வைத்தார்கள். அது திட்டத்தில் இருக்கவில்லை. அவர்களோடு நானும் விளையாடத் தொடங்கியிருந்தேன்.

மேற்பார்வை நாள்

ஏழாம் வாரம் கல்லூரியிலிருந்து விரிவுரையாளர் மேற்பார்வைக்கு வந்தார். கடைசி வரிசையில் மதிப்பீட்டுப் படிவத்தோடு உட்கார்ந்தார். நான் பூனை மேசையோடு தொடங்கினேன். வகுப்பு மிகவும் மகிழும் இடம் நான் தோற்கும் இடம் என்பது எனக்குத் தெரியும். அதனால் முன்னிரவே முடிவு செய்திருந்தேன்: பாதித் தூரத்தில் மேசையைச் சற்றுத் தவறவிட வேண்டும்.

தவறவிட்டேன். கால் நிலத்தில் நன்றாகவே மோதியது. நடுவர் கையை உயர்த்தவில்லை. கேட்கவில்லையோ என்று நினைத்து அவனைப் பார்த்தேன். கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னோடு மேசை பிடித்திருந்தவள், விரிவுரையாளர் இருப்பதையும் மறந்து, தாழ்ந்த குரலில் சொன்னாள்: “ரீச்சர், நீங்கள் வேண்டுமென்று விட்டீர்கள். அது அளாப்பல்.”

மிச்சப் பாடம் ஒழுங்காக நடந்தது. பிள்ளைகள் சொன்னதைச் செய்தார்கள். ஆனால் ஒருவர்கூட மேசைக்கு அடியில் குனிந்து பார்க்கவில்லை. என்னைக் காப்பாற்றுவதற்காக விளையாடினார்கள். வெளியே இருந்து பார்ப்பவருக்கு நல்ல வகுப்பாகவே தெரிந்திருக்கும்.

பாடம் முடிந்ததும் விரிவுரையாளர் படிவத்தை மடித்து வைத்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: “அந்த மேசை ஏன் விழுந்தது?” உண்மையைச் சொன்னேன். அடுத்த பாடவேளையில் அதைப் பிள்ளைகளிடமும் சொல்லச் சொன்னார்.

சொன்னேன். மன்னிப்புக் கேட்பது எனக்குக் கடினமாக இருக்கவில்லை. அதற்குப் பிறகு நடந்த விவாதத்தைக் கேட்பதுதான் கடினமாக இருந்தது. தோற்றுக்கொடுப்பது சின்னப் பிள்ளைகளோடு விளையாடும்போது செய்வது, எங்களைச் சின்னப் பிள்ளைகள் என்று நினைத்தீர்களா என்று ஒருவன் கேட்டான். என் கரிசனத்துக்கு அடியில் அந்த எண்ணம் இருந்தது உண்மைதான். விளையாட்டுணர்வு என்பது பிள்ளைகளைச் சிரிக்கவைக்கும் திறமை என்றும், நல்ல ஆசிரியர் அதைத் தேவையான இடத்தில் தூவ வேண்டும் என்றும் அதுவரை நம்பியிருந்தேன். முதல் நாள் அவர்கள் வாயைப் பொத்திச் சிரித்தது நான் தோற்றதற்காக இல்லை. எனக்கும் அவர்களுக்கும் அந்த மேசை ஒரே பாரமாக இருந்தது, அதற்காக.

அன்றிலிருந்து விதிகளை எழுதிவைக்க ஒரு சி.ஆர். கொப்பி வாங்கினோம். எழுதும் பொறுப்பு நடுவருக்கு. ஆறாவது விதி: “வேண்டுமென்று தோற்பதும் அளாப்பல்.” தண்டனையாக ஒரு வாரம் நான் கடைசி வரிசையில் இருந்து வரவு இடாப்புக் கூப்பிட்டேன்.

கரைவலை

எட்டாம் வாரத்துக்குக் கூட்டு ஊமம். நிறையப் பேர் சேர்ந்து ஒரு பாரத்தை இழுப்பது. இல்லாத கயிற்றை இழுக்கும் விளையாட்டு ஸ்போலினிடமும் உண்டு. கடற்கரைப் பிள்ளைகள் என்பதால், கரையில் நின்று கயிற்றால் இழுக்கும் கரைவலையை இழுக்கவைக்கலாம் என்று திட்டமிட்டேன். நான் பிறந்து வளர்ந்தது வலிகாமத்தின் செம்மண் தோட்டப்பக்கம். கரைவலையைத் தூரத்தில் நின்று பார்த்ததோடு சரி.

இரண்டு வரிசைகளாக நிற்கச் சொல்லி, இரண்டு கயிறுகளையும் இழுக்கச் சொன்னேன். சிறிது இழுத்துவிட்டு ஒருத்தி நின்றாள். இப்படி இழுத்தால் மீன் போய்விடும் என்றாள்.

இங்கிலாந்தின் நாடக ஆசிரியர் டொரதி ஹீத்கோட் (1926–2011) பதினான்கு வயதில் நெசவாலைக்கு வேலைக்குப் போனவர். பின்னாளில் நியூகாசிலில் ஆசிரியர்களைப் பயிற்றினார். ஆசிரியர் தானும் ஒரு பாத்திரமாக நாடகத்துக்குள் நுழைவது அவருடைய முறை. அதுவும் பெரும்பாலும் எல்லாம் தெரிந்த பாத்திரமாக நுழையாமல், பிள்ளைகளின் உதவி தேவைப்படும் ஒருவராக நுழைவார். அறிவின் போர்வை பிள்ளைகளின் தோளில் இருக்கும். எனக்கு அந்த இடத்தில் பாத்திரம் ஒன்றைத் தேட வேண்டியிருக்கவில்லை. “நான் தோட்டக்காரப் பெண். இன்றைக்குத்தான் கடற்கரைக்கு வேலைக்கு வந்திருக்கிறேன். என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள்” என்றேன்.

அந்தச் சிறுமி, வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியாக மாறினாள். இரண்டு வரிசையும் ஒரே இடத்தில் நிற்கக்கூடாது, வலை கரைக்கு வர வர வரிசைகள் ஒன்றையொன்று நெருங்க வேண்டும் என்றாள். கடைசியில் நிற்பவர் கயிற்றை விட்டுவிட்டுத் தண்ணீர்க்கரைக்கு ஓடிப்போய் முன்னால் பிடிக்க வேண்டும். ஒருவர் கயிற்றைச் சுருட்டி அடுக்க வேண்டும். என்னைக் கயிறு சுருட்ட விட்டாள், இழுக்க விடவில்லை. புதிதாக வந்தவர்களுக்கு அதுதான் வேலையாம்.

அவள் சொன்ன ஒழுங்கில் இழுத்தபோது வகுப்பறை அசைந்தது. இரண்டு வரிசையும் சரிந்து சரிந்து நெருங்கின. கடைசியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக விடுபட்டு முன்னால் ஓடினார்கள். ஒருவன், வலை இழுப்பவர்கள் பாடும் அம்பாப் பாட்டின் ஓசையை வாய்க்குள் முணுமுணுத்தான். சத்தம் வரக்கூடாது என்ற பழைய விதி நினைவுக்கு வந்து, அதை மூச்சாக மாற்றினான். வரிசை முழுவதும் அந்த மூச்சில் இழுத்தது. மேடையில், கூத்தை நடத்தும் ஓர் அண்ணாவியார் தாளத்தால் செய்வதை அங்கே மூச்சு செய்தது. வலையின் பைப்பகுதியான மடி கரைக்கு வந்ததும் எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். வலைக்குள் என்ன இருந்தது என்று நான் கேட்டபோது 33 பேரும் வேறு வேறு மீன் சொல்லவில்லை. எல்லோரும் ஒரே விடையைச் சொன்னார்கள்: சாளை, பாதிதான் நிறைந்திருந்தது.

பாடக்குறிப்பில் நான் எழுதியிருந்த கற்றற்பேறு ‘கூட்டு ஊமத்தில் ஒத்திசைவைப் பேணுவர்’ என்பது. அன்று ஒத்திசைவு என்ற சொல்லை நான் ஒருமுறையும் சொல்லவில்லை.

கொப்பியில் என்ன இருக்கிறது

ஒன்பதாம் வாரம் ஒரு தாய் வந்தார். மகளின் அரங்கியல் கொப்பியை என்னிடம் நீட்டினார். ஐந்து வாரமாக அதில் எதுவும் இல்லை. “பிள்ளை வீட்டில் மேசை தூக்கிக்கொண்டு திரிகிறாள், சோதினைக்கு என்ன எழுதுவாள்?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. கவலையோடு கேட்டார். கேள்வி நியாயமானது. தவணைப் பரீட்சையில் எழுத்து வினா உண்டு. மேசை தூக்கத் தெரிந்ததற்கு அங்கே புள்ளியில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு பாடவேளையிலும் கடைசி எட்டு நிமிடம் எழுதுவதற்கு. நான் சொல்லி எழுதுவதை விட்டுவிட்டேன். அன்று விளையாடியதை, விளையாடாத ஒருவருக்கு விளங்கும்படி எழுத வேண்டும். அந்தத் தாயின் மகள் எழுதியதில் ஒரு வரி: “ஊமத்தில் பாரம் கையில் தெரியாது, முழங்காலில்தான் தெரியும்.” எந்தக் குறிப்பிலும் இதை நான் கண்டதில்லை. பரீட்சையில் ‘ஊமத்தின் பண்புகளை விளக்குக’ என்ற வினாவுக்குப் பல பிள்ளைகள் ஐந்து விடயங்களை இலக்கமிட்டு எழுதவில்லை. தாங்கள் செய்ததை எழுதினார்கள். திருத்துவது கடினமாக இருந்தது, நேரமும் எடுத்தது. அந்த நேரத்தை நான் மகிழ்ச்சியோடு கொடுத்தேன்.

விளையாடாத பிள்ளை

நெதர்லாந்து வரலாற்றாசிரியர் யோகான் ஹுய்சிங்கா 1938இல் எழுதியபோது, விளையாட்டின் முதற் பண்பாக அதன் விருப்பார்வத்தைச் சொன்னார். கட்டளையிட்டு நடத்துவது விளையாட்டாகாது. வகுப்பறையோ வராமல் இருக்க முடியாத இடம். இடாப்பில் பெயர் உண்டு, மணி உண்டு, மேலே நானும் உண்டு. இந்த முரண்பாட்டுக்கு நான் கண்ட வழி ஒன்றுதான்: விலக விரும்புபவருக்கு விளையாட்டுக்குள்ளேயே ஒரு மதிப்புள்ள இடம் வைப்பது. பார்வையாளர் என்று சும்மா உட்காரவைப்பதன்று. அவர் இல்லாவிட்டால் ஆட்டம் நடக்காது என்ற இடம்.

அந்தச் சிறுவன் 11 வாரமும் ஒரு மேசையும் தூக்கவில்லை. கரைவலை இழுக்கவில்லை. ஒரு நாள் அவனும் எழும்பிச் சேர்ந்துவிடுவான் என்று நான் உள்ளூரக் காத்திருந்தேன். பிறகு அந்தக் காத்திருப்பை விட்டேன். அவனுடைய காது கூர்மையானது. கண்ணை மூடியபடியே எந்தச் சோடி, எந்தக் கால் என்று சொல்வான். எவரும் அவன் தீர்ப்பை மறுத்ததில்லை. செயன்முறை மதிப்பீட்டில் அவனுக்கு எதை வைத்துப் புள்ளி போடுவது என்று பகுதித் தலைவரிடம் கேட்டேன். நடிக்காத பிள்ளைக்கு நாடகத்தில் புள்ளியா என்று அவர் தயங்கினார். சி.ஆர். கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஒவ்வொரு ஆட்டமும், அதில் வந்த பிணக்கும், அதை எப்படித் தீர்த்தோம் என்பதும் திகதியோடு அவன் கையெழுத்தில் இருந்தன. ஓர் அரங்க முகாமையாளர் வைத்திருக்கும் பதிவேடு அப்படித்தான் இருக்கும் என்றேன். புள்ளி கொடுத்தோம்.

தவணை முடிந்து நான் வேறு வகுப்புக்கு மாற்றப்பட்டேன். தரம் 7க்கு அடுத்த தவணை யார் வருவார் என்று அப்போது முடிவாகவில்லை. கொப்பியை வகுப்பு அலுமாரியில் வைக்கப் போனபோது கடைசிப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். விதிகள் எட்டு என்றுதான் என் நினைவு. அடியில் ஒன்பதாவதாக ஒன்று புதிதாக எழுதப்பட்டிருந்தது, அடிமட்டம் வைத்துக் கோடும் போட்டு: “புதிதாக வரும் ரீச்சரும் மேசை தூக்க வேண்டும்.”